கூரைக்குள் வௌவால்கள், ஜூலையில் மகளுக்குப் பிரசவம்: என்ன செய்வது?

3 மார்ச் 2024, ஞாயிறு

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்களுடையது பழைய மங்களூர் ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழே பலகை அடித்திருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் வௌவால்கள் குடியேறியிருக்கின்றன. அந்தி சாய்ந்ததும் பலகைக்கு மேலே கிறீச்சென்று சத்தம், காலையில் திண்ணையில் புழுக்கை. ஜூலைக் கடைசியில் மகளுக்குத் தலைப்பிரசவம். குழந்தையை இந்த வீட்டுக்குத்தான் கொண்டுவர வேண்டும்.

பூச்சி மருந்து அடிக்கும் ஒருவரை அழைத்துக் காட்டினோம். புகை போட்டு, மருந்தடித்து, இரண்டே நாளில் எல்லாப் பொந்தையும் சிமென்ட் வைத்து அடைத்துவிடுவாராம். 18,000 ரூபாய் கேட்கிறார். என் கணவர் சரி என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: வௌவாலால் பிள்ளைக்கு உண்மையிலேயே ஆபத்தா? ஆபத்து என்றால், கொல்லாமல் வெளியேற்ற வழி உண்டா?

5 மார்ச்

"எலியாக இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்" என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். காகிதத்தில் ஒரு புழுக்கையை வைத்துக் குச்சியால் அழுத்தினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தப் பொடிக்குள் பூச்சிச் சிறகின் துணுக்குகள் மினுமினுத்தன. எலிப் புழுக்கை இப்படி உதிராது, காய்ந்தால் கல்லாகிவிடும். பல்லியுடையதில் ஒரு நுனி வெள்ளையாக இருக்கும். எனவே இது பூச்சி தின்னும் வௌவால்தான்.

இன்னொன்று, வௌவால் எலியைப் போல மரத்தையோ ஒயரையோ கடிக்காது, கூடும் கட்டாது. இருக்கிற இடுக்கில் தொங்குவதோடு சரி. "மின்கம்பியைக் கடித்துத் தீப்பிடிக்கும்" என்று பயந்த ஐயாவுக்காக இதை எழுதுகிறேன்.

9 மார்ச்

இன்று மாலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். ஆறே முக்காலுக்கு முதல் வௌவால் புறப்பட்டது. கூரை முகப்புப் பலகையும் சுவரும் சேரும் மூலையில் ஓர் இடுக்கு இருக்கிறது. என் சுண்டுவிரல்கூட முழுதாக நுழையாது. அதன் வாயில் எண்ணெய்ப் பிசுக்குப் போல ஒரு பழுப்புக் கறை. உடம்பு உரசி உரசி வந்த கறை அது. பொந்தைத் தேடுகிறவர்கள் ஓட்டையைத் தேட வேண்டாம், இந்தக் கறையைத் தேடுங்கள்.

மொத்தம் 43. ஒவ்வொன்றும் இடுக்கிலிருந்து சொட்டுவதுபோலக் கீழே விழுந்து, தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது சிறகை விரித்து மேலே ஏறிப் போகிறது. கடைசி இரண்டு வெகுநேரம் தயங்கின.

பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் எட்டிப் பார்த்து "பாவலியா?" என்றார். கன்னடத்தில் பாவலி, நம் பழந்தமிழில் வாவல். அவர்கள் பகரம் போடும் பல இடங்களில் நாம் வகரம் போடுகிறோம். என் மாமியார் இந்தச் சிறிய வகையை வௌவால் என்றே சொல்வதில்லை, துரிஞ்சில் என்கிறார். திருவண்ணாமலைப் பக்கம் அவர் சிறுமியாக இருந்தபோது மாட்டுக்கொட்டகைகளில் துரிஞ்சில் இல்லாத வீடே கிடையாதாம். பெரியது வாவல், சிறியது துரிஞ்சில். நாம்தான் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொண்டோம். இந்தக் குழப்பம் நோய் விஷயத்திலும் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

10 மார்ச்

நாப்தலீன் உருண்டை (அந்துருண்டை) வேண்டாம். இதை ஐந்து பேர் சொல்லியிருக்கிறீர்கள். காற்றோடும் கூரைக்குள் அந்த நெடி வௌவாலை நகர்த்தாது. நகர்த்தும் அளவுக்குக் கொட்டினால் கீழே படுப்பவர்கள்தான் மூச்சில் இழுக்க வேண்டும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். பிறக்கப்போகும் பிள்ளைக்காக வௌவாலை விரட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த வேலையை நான் செய்ய மாட்டேன்.

17 மார்ச்

ஒரு வாரமாகப் படித்ததையும் தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டதையும் எழுதுகிறேன். நீளமாக இருக்கும்.

நிபா. எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். 1998-99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் வெளிப்பட்ட கிருமி இது. இதைச் சுமப்பவை பெரிய பழந்தின்னி வௌவால்கள், ஆலமரத்திலும் புளியமரத்திலும் பகலில் கூட்டமாகத் தொங்குபவை. 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்துப் பேராம்பிராவில் நோய் பரவியபோது, முதலில் இறந்த குடும்பத்தின் கிணற்றில் இருந்த வௌவால்கள் மீது பழி விழுந்தது. அவற்றைப் பிடித்துச் சோதித்தார்கள், நிபா இல்லை. அவை பூச்சி தின்னும் வகை. பிறகு அதே பகுதியின் பழந்தின்னிகளிடம் எடுத்த மாதிரிகளில்தான் கிருமி இருந்தது. என் கூரையில் இருப்பவை அந்தக் கிணற்று வகையைச் சேர்ந்தவை. துரிஞ்சில் வேறு, வாவல் வேறு என்று மாமியார் சொன்னதன் அருமை எனக்கு இங்கேதான் புரிந்தது.

புழுக்கை. எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். பறவை எச்சமும் வௌவால் புழுக்கையும் குவிந்து மக்கிய இடத்தில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளரலாம். காய்ந்த குவியலைத் துடைப்பத்தால் பெருக்கினால் அதன் வித்துகள் தூசியோடு பறந்து நுரையீரலுக்குள் போகும். நல்ல உடல்வாகு உள்ளவர்களில் பலருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும், சிலருக்குக் காய்ச்சலும் இருமலும் வரும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது பெரிய நோயாகலாம். நம் நாட்டில் கங்கைச் சமவெளிப் பக்கம்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது. அதற்காக இங்கே அலட்சியம் கூடாது. நாங்கள் இத்தனை நாளும் திண்ணையைக் காய்ந்தபடியேதான் பெருக்கிவந்தோம், அன்றோடு நிறுத்திவிட்டோம். இப்போது தண்ணீர் தெளித்து ஊறவைத்து, ஈரத்துணியால் வழித்தெடுக்கிறோம்.

ரேபிஸ். இந்தியாவில் மனிதருக்கு ரேபிஸ் வருவது பெரும்பாலும் நாய்க்கடியால்தான். வௌவால் வழி ரேபிஸ் என்பது முக்கியமாக அமெரிக்கக் கண்டங்களின் கதை. எனவே கை பட்டுவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும்.

சட்டம். "வௌவால் தீங்குயிரிப் பட்டியலில் இருக்கிறது, கொல்லலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் காக்கை, எலியோடு பழந்தின்னி வௌவாலும் இருந்தது உண்மை. 2022இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது.

18 மார்ச்

நேற்று ரேபிஸ் பற்றி எழுதியதன் கடைசி வரி தவறு. அழிக்காமல் விடுகிறேன், இதையும் சேர்த்துப் படியுங்கள். இங்கே எழுதும் மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் எனக்குச் சொன்னார்: உலக சுகாதார நிறுவனம் வௌவாலோடு நேரடித் தொடுகை நேர்ந்தாலே அதை மூன்றாம் வகையில், அதாவது மிகக் கடுமையான வகையில், வைத்திருக்கிறது. 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவுவது தொடக்கம் மட்டுமே. அதன்பின் தடுப்பூசியும், உடனடிப் பாதுகாப்புத் தரும் எதிர்ப்பொருள் மருந்தான இம்யூனோகுளோபுலினும் வேண்டும். சின்ன வௌவாலின் பல் ஊசிமுனை போன்றது, கடித்த தடம்கூடத் தெரியாமல் போகும். ரேபிஸ் அறிகுறி தென்பட்ட பின் ஆளைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. அபூர்வம் என்பதற்காக அதைச் சாதாரணமாக எண்ணிவிட்டேன். மன்னியுங்கள்.

6 ஏப்ரல், சனி

நேற்று இரவு பத்தரைக்கு ஒரு வௌவால் மாமியார் அறைக்குள் வந்துவிட்டது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் முதலில் அதை நிறுத்தினேன். எது மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: விசிறி. நம் வீடுகளில் வௌவால் சாவது அதில் அடிபட்டுத்தான். அடிபட்டு விழுந்ததை யாராவது வெறுங்கையால் எடுப்பார்கள், ஆபத்து அங்கே தொடங்கும்.

விசிறி நின்றதும் ஜன்னலைத் திறந்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்திருந்தால் பத்து நிமிடத்தில் அதுவே போயிருக்கும். அதற்குள் மாமியார் துண்டை வீசி அமுக்கிவிட்டார். அவருக்கு எழுபத்தெட்டு வயது, கை வேகம் மட்டும் குறையவில்லை.

நான் முறுக்கு டப்பாவை அதன்மேல் கவிழ்த்து, துண்டை மெல்ல உருவிவிட்டு, அடியில் நாட்காட்டி அட்டையைச் செருகினேன். டப்பா கண்ணாடி போலத் தெளிவானது. இவ்வளவு கிட்டத்தில் நான் வௌவாலைப் பார்த்ததே இல்லை. என் கட்டைவிரல் நீளம்கூட உடம்பு இல்லை. கண் கடுகளவு. சிறகுத்தோல் வாடிய வெற்றிலை போல் சுருங்கிக் கிடந்தது. அதன் மடிப்பிலிருந்து ஒரு சின்ன நகம் நீண்டு அட்டையின் ஓரத்தைப் பற்றியிருந்தது. உடம்பு முழுவதும் படபடவென்று அடித்துக்கொண்டது. வாயைத் திறந்து திறந்து மூடியது, எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

தரையில் விட்டால் இவற்றுக்கு எழும்பிப் பறப்பது கடினம். பூனைக்கு இரையாகிவிடும். தோட்டத்து மாமரத்தில் ஆள் உயரத்தில் டப்பாவைச் சாய்த்துப் பிடித்தேன். பட்டையைப் பற்றி, இரண்டடி மேலே ஊர்ந்து, கொஞ்சம் நின்று, போய்விட்டது.

உள்ளே வந்து பார்த்தால் மாமியாரின் மோதிர விரலில் ஒரு கீறல். வௌவால் நகமா, பழைய கீறலா, அவருக்கே தெரியவில்லை. ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு, அன்று லாரித் தண்ணீர் வரவில்லை. டிரம்மில் சமையலுக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் கழுவினேன். "குடிக்கிற தண்ணீரையா ஊற்றுகிறாய்" என்று அவர் என்னைக் கோபித்துக்கொண்டார்.

காலையில் முதலில் போன தனியார் மருத்துவமனையில் "நாய் இல்லையே, ஊசி தேவையில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். 18ஆம் தேதிக் குறிப்பு என் கண்முன்னே நின்றதால் விடாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். அங்கே எதிர்க்கேள்வி கேட்காமல் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் போட்டு, தடுப்பூசியைத் தொடங்கிவிட்டார்கள். தோலுக்குள் போடும் முறை: இன்று முதல் ஊசி, பிறகு 3, 7, 28ஆம் நாட்கள்.

7 ஏப்ரல்

"ஒரு சின்ன கீறலுக்கு இவ்வளவா?" என்று கேட்பவருக்கு: ஆம், இவ்வளவுதான். அவர் என் மாமியார்.

28 ஏப்ரல், ஞாயிறு

இன்று பெங்களூரில் 38.5 டிகிரி. ஓட்டுக்குக் கீழே எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. வெயில் தாளாமல் வௌவால்கள் பகலிலேயே இடுக்கின் வாய்க்கு வந்து தொங்கின. பிற்பகல் திண்ணையில் ஏதோ விழுந்த சத்தம். போய்ப் பார்த்தால் குஞ்சு. முடி முளைக்காத இளஞ்சிவப்பு உடம்பு, கண் திறக்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. மார்ச்சில் 18,000 ரூபாய் கொடுத்து அடைத்திருந்தால், அப்போதே உள்ளே குஞ்சுகளோ சூல் கொண்ட தாய்களோ இருந்திருக்கும். குஞ்சு பறக்க ஐந்தாறு வாரம் ஆகும். அதற்குமுன் தாயை வெளியே வைத்து அடைத்தால் குஞ்சுகள் கூரைக்குள்ளேயே பட்டினி கிடந்து சாகும், வீடு நாறும், வழி தேடும் தாய்கள் அறைக்குள் நுழையும். நமக்கும் அவற்றுக்கும் மோதல் நடப்பதே அப்படி அடைத்த வீடுகளில்தான். குளிர்நாடுகளில் குட்டி போட ஒரு பருவம்தான், அதைத் தவிர்த்தால் போதும். நம் பக்கத்துச் சிறு வௌவால்கள் ஆண்டில் ஒருமுறைக்கு மேலும் ஈனுகின்றன. தேதி வைத்து முடிவு செய்ய முடியாது, பார்த்துத்தான் ஆக வேண்டும்.

தோட்ட வேலைக்கான தடித்த கையுறை போட்டு, குஞ்சைப் பழைய பருத்தித்துணி விரித்த மூடியில்லாத அட்டைப்பெட்டியில் வைத்து, இடுக்குக்குக் கீழே ஏணி உச்சியில் கட்டினோம். துணியில் ஒரு முனையை வெளியே தொங்கவிட்டோம், தாய் வந்தால் பற்றிக்கொள்ள. இரவு முழுவதும் நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. விடிந்ததும் சொல்கிறேன்.

29 ஏப்ரல்

பெட்டி காலியாக இருக்கிறது. மூன்று மணிக்குக் கண்ணயர்ந்துவிட்டேன். தாய் எடுத்துப்போனதா, பூனை எடுத்ததா என்று தெரியாது. துணி கலையாமல் இருக்கிறது. அதை வைத்து நான் ஆறுதல் கொள்கிறேன்.

காயம்பட்ட வௌவால் கிடைத்தால் நீங்களே பாலூட்டி வளர்க்க முயலாதீர்கள். கெங்கேரிப் பக்கம் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் நடத்தும் வனவிலங்கு மருத்துவமனை இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

5 மே

மாமியாருக்கு நேற்று நான்காவது ஊசி முடிந்தது. நலம். என்மேல் இருந்த தண்ணீர்க் கோபமும் போய்விட்டது.

9 ஜூன், ஞாயிறு

இரண்டு வாரமாகப் பகலில் குஞ்சுச் சத்தம் இல்லை. மாலை எண்ணிக்கை 71. அதில் பல, பறக்கக் கற்றவை என்று பார்த்தாலே தெரியும், மாமரத்தைச் சுற்றித் தடுமாறுகின்றன. போன வாரமே வலை கட்ட நினைத்தோம். ஜூன் 2ஆம் தேதி ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கனமழை இரவுகளில் வௌவால் வெளியே போகாமலே இருந்துவிடும், அப்போது கணக்குத் தவறும். அதனால் ஒரு வாரம் தள்ளிப்போட்டோம்.

வலையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: இது அடைப்பு இல்லை, ஒருவழிக் கதவு. இடுக்குக்கு மேலும் இரு பக்கமும் வலையை அடித்துவிட்டு, கீழ்ப்பக்கத்தைத் திறந்தபடி இரண்டடி தொங்கவிட வேண்டும். வெளியே வரும் வௌவால் சுவருக்கும் வலைக்கும் நடுவே கீழே ஊர்ந்து பறந்துவிடும். திரும்பி வரும்போது நேராகப் பழைய வாசலுக்குத்தான் வரும், வலை மறிக்கும், வேறிடம் தேடிப் போகும். துளை மிகச் சிறியதாக, வழவழப்பான பிளாஸ்டிக் வலையாக இருக்கட்டும். அடுக்குமாடிப் பால்கனிகளில் கட்டும் புறா வலை கூடவே கூடாது. அதில் சிறகு சிக்கிச் சாகும்.

ராமமூர்த்தி நகர்ச் சகோதரி "ஒரே நாளில் எடுத்துவிடலாமா" என்று கேட்டிருக்கிறார். கூடாது. ஒரு வாரமாவது இருக்க வேண்டும், மழை பெய்தால் இன்னும் கூட.

11 ஜூன்

மார்ச் 9ஆம் தேதி வழி ஒன்றுதான் என்று நினைத்தது தவறு. முகப்பை வலை மறித்ததும் சில, பழைய விறகடுப்புப் புகைபோக்கியின் விரிசல் வழியாகத் திரும்ப உள்ளே நுழைந்தன. மூன்று மாதமாக வாசலிலேயே உட்கார்ந்து எண்ணியவளுக்குப் பின்பக்கம் போய் நிற்கத் தோன்றவில்லை. அங்கும் ஒரு வலை. வீட்டின் நான்கு பக்கமும் ஆளுக்கு ஒருவராக நின்று எண்ணுங்கள்.

19 ஜூன்

மூன்று நாளாக மாலை எண்ணிக்கை சுழியம்.

23 ஜூன், ஞாயிறு

கொத்தனார் வந்து இரு பொந்தையும் அடைத்தார். அதற்குமுன் இரண்டு பலகையைக் கழற்றி, டார்ச் அடித்து, ஒன்றும் மிச்சமில்லை என்று என் கணவரே பார்த்துச் சொன்னார். மார்ச்சில் சிமென்ட் வைக்கச் சொன்னவரும் அவர்தான்.

பலகைமேல் நான்கு விரல்கடை உயரத்துக்குப் புழுக்கை. என்95 முகமூடி, கண்ணாடி, கையுறை, பழைய முழுக்கைச் சட்டை. தெளிப்பானில் சோப்புத் தண்ணீர் நிரப்பி நன்றாக நனைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, கரண்டியால் வழித்து இரட்டைப் பையில் கட்டினோம். துடைப்பம் தொடவில்லை. ஒன்பது பைகள். மார்ச்சில் இதைச் செய்யத் தண்ணீருக்கு எங்கே போயிருப்போம்? அப்போது குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மகள் அடுத்த வாரம் வருகிறாள்.

16 செப்டம்பர்

பேத்திக்கு ஐம்பது நாள் ஆகிறது. எழுத நேரமே இல்லை. இன்று எழுத வைத்தது மலப்புரம் செய்தி. நிபாவில் இறந்த அந்த இளைஞர் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தவர் என்று பத்திரிகையில் வந்ததும் எங்கள் தெருவில் மறுபடி பீதி. முனையில் நிற்கும் சிங்கப்பூர் செர்ரி மரத்தை வெட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். இரவில் அதற்குச் சின்னப் பழந்தின்னிகள் வருகின்றன. பழத்தை எங்கள் வாசல் கூரைக்கு எடுத்துவந்து தின்று, சக்கையைச் சுவரில் துப்பிவிட்டுப் போகின்றன.

நான் கையெழுத்துப் போடவில்லை. நிபா பற்றிப் பயப்பட வேண்டாம் என்று யாரிடமும் சொல்லவில்லை, பயம் நியாயமானது. அதற்குச் செய்ய வேண்டியதைச் சொன்னேன்: கீழே விழுந்த, கொறித்த பழத்தைப் பிள்ளைகள் எடுத்துத் தின்னக் கூடாது. மற்ற பழங்களையும் கழுவித் தோல் சீவித் தின்ன வேண்டும். சுவர்ச் சக்கையை நனைத்துத் துடைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாசல் விளக்கை இரவில் எரியவிட்டால் அங்கே உட்கார்ந்து தின்ன அவை வருவது குறையும். மரத்தை வெட்டினால் அவை அடுத்த தெரு மரத்துக்குப் போகும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஆலமரத்து வாவல்கள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடியே வெடிக்காத ஊர்கள் இருக்கின்றன. நாம் ஒரு செர்ரி மரத்தை விட்டுவைக்கலாம்.

துரிஞ்சில்களைப் பற்றிக் கேட்டவருக்கு: தோட்டத்துக் கிழக்குச் சுவரில் பன்னிரண்டடி உயரத்தில் கரடுமுரடான மரப்பெட்டி ஒன்று அடித்திருக்கிறோம், அடிப்பக்கம் திறந்தது. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் காலி. நேற்று அதன் கீழே தரையில் நான்கைந்து புழுக்கை. பொறுக்கி அழுத்திப் பார்த்தேன், உதிர்ந்தது.

6 அக்டோபர், ஞாயிறு

ராமமூர்த்தி நகர்ச் சகோதரிக்கு: உங்கள் ஏ.சி. பெட்டி இடுக்கில் இருப்பவற்றுக்குக் குஞ்சு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூன்று மாலை எண்ணுங்கள், பகலில் காது கொடுத்துக் கேளுங்கள். இல்லை என்று உறுதியானால் என் வலை இரண்டும் கழுவி மடித்துப் பரணில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம். பெரியது நான்கடி அகலம். உங்கள் இடுக்கின் அளவை எழுதுங்கள், வெட்டி வைக்கிறேன்.